மூன்று மடிப்பு முடிச்சு

காலை எட்டு மணிக்கு கிதூனே காவல் நிலையத்துக்குள் நுழைந்த முதெம்பேயின் கைகளில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. வாழை இலையில் சுற்றி, வாழை நாரால் இறுக்கிக் கட்டியவை. மகளைப் புதைத்து ஆறு நாள்தான் ஆகிறது. வெறுங்கையோடு ஓரிடத்துக்குப் போகக் கூடாது என்ற பழக்கம் மட்டும் அந்த மனிதரிடம் மிச்சமிருந்தது.

"உட்காருங்க, கனானு அப்பா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான் சார்ஜென்ட் மகோக்கா. பிள்ளை பெற்றவரை அந்த மலைப்பக்கத்தில் யாரும் சொந்தப் பெயரால் அழைப்பதில்லை. மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். சொன்ன பிறகுதான் மகோக்கா நாக்கைக் கடித்துக்கொண்டான். முதெம்பேக்குக் கனானு ஒருத்திதான்.

"சேப்பங்கிழங்கு. வேக வெச்சது. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு நைரோபியிலேருந்து வந்திருக்கிற அம்மாவுக்கு."

நைரோபி அம்மா ஜன்னலோரத்தில் டீக்கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். விமான விபத்துகளை விசாரிக்கும் அதிகாரி சியோம்புவா. ஐம்பது வயது. பேசுவது குறைவு, பார்ப்பது அதிகம்.

மகோக்கா பொட்டலத்தோடு மல்லுக்கு நின்றான். முடிச்சை இழுத்தான். நகத்தால் பிறாண்டினான். நார் இன்னும் இறுகியது.

"இழுத்தா ஜென்மத்துக்கும் அவிழாது, சார்ஜென்ட். கோழி எலும்பை உடைக்கிற உங்க ஊர்ப் பல்லுக்கும் அசையாது." முதெம்பே வாங்கி முடிச்சின் நுனியைக் காட்டினார். நார் மூன்று முறை மடிந்து உள்ளே செருகியிருந்தது. "நாரை நனைச்சுக் கட்டணும். இந்தக் கடைசி மடிப்பை உள்ளே தள்ளினாத்தான் விடும். மிரா கட்டுற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு மடிப்பு உண்டு. சந்தையில அதைப் பார்த்தே எவன் கட்டுன்னு சொல்லிடுவாங்க. என் கட்டை அவிழ்க்கத் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. நானும் அவளும்." பொட்டலத்தை மகோக்காவிடமே திருப்பிக் கொடுத்தார். "இப்ப நான் மட்டும்."

சியோம்புவா தன் பொட்டலத்தைப் பிரிக்காமல் மேஜை மேல் வைத்துக்கொண்டார்.

மென்றால் கிறக்கம் தரும் மிராத் தழையைப் பறித்த ஈரம் காய்வதற்குள் மென்றாக வேண்டும். அதனால்தான் அந்தச் சின்ன விமானம் தினமும் காலையில் வடக்கே பறந்தது. முன்னால் விமானி, நடுவில் வலைக்கு அடியில் மிராக் கட்டுகள், கடைசியில் நான்கு பயணிகள். போன வாரம் அது மேலே எழும்பிய மறுநிமிடம் ஒரு பெருநாரை என்ஜினுக்குள் போய்விட்டது. விமானி அணை நீரில் இறக்கினார். வால் முறிந்ததில் பயணிகள் ஏறும் பின்கதவு நசுங்கிச் சிக்கிக்கொண்டது. முன்பக்கம் போக முடியாமல் மிராக் கட்டுகள் அடைத்துக்கொண்டன. மிஞ்சியது வலப்பக்கச் சுவரிலிருந்த சின்ன அவசர வழிக் கதவு. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கனானு. அது திறக்கவில்லை. படகில் வந்த மீனவர்கள் இடப்பக்க ஜன்னலை உடைத்து மூன்று பேரை இழுத்தார்கள். நான்காவதாக இழுத்தபோது கனானுவுக்கு மூச்சில்லை. நர்ஸ் வேலையில் சேர வடக்கே புறப்பட்டவள். வயது இருபத்திரண்டு.

"அம்மா, நான் கேக்கறது ஒண்ணுதான்" என்றார் முதெம்பே. "அவ ஏறிப் போன கதவை எவன் திறக்க முடியாம பண்ணினான்? மெக்கானிக்தான்னு சார்ஜென்ட் சொல்றார். அப்படின்னா அவன் வெளியே வரவே கூடாது."

"ஏறிப் போன கதவா?"

"ஆமாம்மா. கதவு திறக்கலன்னுதானே எல்லாரும் சொல்றாங்க."

சியோம்புவா அதற்கு மேல் அதைக் கேட்கவில்லை. "பொண்ணு பயந்தாளா?"

"முதல் தடவை பறக்கறாளே! அவ சீட்டுக்குப் பக்கத்துல சரக்கு தள்ற திறப்பு ஒண்ணு இருக்கு. டிக்கெட் குடுத்தவன் படத்துல காட்டினதிலேருந்து, 'மேல போனதும் அது திறந்துட்டா என்னப்பா பண்றது'ன்னு ஒரே புலம்பல். திறக்காதுடி, அப்பா பொறுப்புன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்."

அவர் போன பிறகு மகோக்கா மார்பை நிமிர்த்தினான். "கேஸ் தெளிவு மேடம். விமானத்தைக் கரைக்கு இழுத்ததும் ஊரே பார்க்க மெக்கானிக் ஓச்சொலா அந்தச் சின்னக் கதவைத் திறந்து காட்டினான். வெண்ணெய் மாதிரித் திறந்துச்சு. ஆனா முந்தின நாள் சாயங்காலம் கயிறு கட்டறேன்னு தண்ணிக்குள்ள தனியா போனவனும் அவன்தான். கெட்டுக் கிடந்ததைச் சரி பண்ணிட்டு வந்திருக்கான்."

"சோதனை ஏட்டுப்படி அன்னிக்குக் காலையில திறந்த கதவு. மறுநாளும் திறந்த கதவு. நடுவுல மூணு நிமிஷம் மட்டும் திறக்கல" என்றார் சியோம்புவா. "வா, கதவையே கேப்போம்."

கொட்டகையில் சேறு காய்ந்த விமானம் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. கைவிலங்கோடு ஓச்சொலாவைக் கொண்டுவந்தார்கள். கண்கள் உள்ளே போயிருந்தன.

"தினமும் ஆறு மணிக்கு நான் திறந்து மூடிப் பார்ப்பேன் மேடம். அன்னிக்கும் பார்த்தேன்."

"இவன் மாதிரி ஏரிக்கரை ஊர்க்காரன் கதை சொன்னா மீனும் கரையேறிக் கேக்கும்" என்றான் மகோக்கா.

"கேட்டாலும் நீங்க அதையும் பிடிச்சு உள்ள வெச்சிடுவீங்க சார்ஜென்ட்."

சியோம்புவா சின்னக் கதவின் உள்பக்கக் கைப்பிடியை ஒரு விரலால் இழுத்தார். கதவு சத்தமில்லாமல் விடுபட்டது. "எந்தக் கருவியும் இல்லாம, ஒரே அசைவுல, உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் திறக்கணும். முன்னாடி தடை இருக்கக் கூடாது. அவசர வழின்னு பெரிய எழுத்து இருக்கணும். இதான் விதி. எழுத்து எங்கே?"

சுவர் முழுக்கப் புது நீலப் பூச்சு மட்டும் பளபளத்தது.

"மூணு மாசம் முன்னாடி கம்பெனி பெயின்ட் அடிச்சுது. எழுத்து அடியில போயிடுச்சு. ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன். ஸ்டிக்கர் வருதுன்னாங்க."

"வராமலே ஏன் பறக்கவிட்டே?"

ஓச்சொலா தலையைக் குனிந்துகொண்டான். "அது என் தப்புதான் மேடம். அதுக்கு உள்ள போட்டா போறேன். ஆனா கதவைக் கெடுத்தவன் நானில்ல."

"மூட்டை ஏத்தறவங்க இந்த வழியைத் தொடுவாங்களா?"

"பயணிகள் இல்லாத நாள்ல இது வழியாத்தான் கட்டுகளைத் தள்ளுவாங்க. கூடாதுன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. சீக்கிரம் ஏத்தணும்னு கம்பெனியே கண்டுக்காது."

சியோம்புவா பூதக்கண்ணாடியைக் கைப்பிடியருகே கொண்டுபோனார். அதன் சிவப்புப் பூச்சில் இரண்டு மெல்லிய கோடுகள் தேய்ந்திருந்தன. ஒரு சாண் தள்ளிச் சுவரில் சரக்கு வலை மாட்டும் இரும்பு வளையம். அதிலும் அதே இரண்டு கோடுகள், பழுப்பும் பச்சையுமாக ஒரு கறை. மகோக்காவையும் பார்க்கச் சொன்னார். அவனுக்குச் சேறாகத் தெரிந்தது.

அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கனானுவுக்குப் பின்சீட்டில் இருந்த துணி வியாபாரி தலாசோ, கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். சார்ஜென்டைக் கண்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"மறுபடியுமா? அன்னிக்கு நான் சொன்னதுல பாதியை எழுதாமலே பேனாவை மூடின ஆளுதானே நீ?"

"இன்னிக்கு முழுசா எழுதுவான்" என்றார் சியோம்புவா. "அந்தப் பொண்ணு கைப்பிடியை இழுத்தாளா?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். இழுக்கவே இல்ல! குனிஞ்சு நோண்டிட்டே இருந்தா, ஊசியில நூல் கோக்கற மாதிரி. தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு. 'இழுடி, இழுத்துத் தொலைடி'ன்னு நான் கத்தறேன். 'இருங்க அக்கா, இதை இழுக்கக் கூடாது'ன்னா. அப்புறம் அப்பா, அப்பான்னு அழுதா. தண்ணி அவ பக்கம்தான் முதல்ல ஏறுச்சு." தலாசோ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் அவளைத் திட்டிட்டேம்மா. கடைசியா அவ காதுல விழுந்தது என் திட்டுதான்."

மகோக்காவின் பேனா நின்றது. இழுக்கக் கூடாது. இதைக் காலையில்தான் எங்கோ கேட்டான். எங்கே என்று நினைக்கவே பயமாக இருந்தது.

பிணவறை எழுத்தர் கனானுவின் பொருட்கள் இருந்த உறையைக் கொடுத்தார். ஒரு கம்மல், நர்சிங் சான்றிதழின் நனைந்த நகல், வலது கைக்குள் இருந்ததாகக் குறிப்பெழுதிய ஒரு நார்த் துண்டு.

"விமானம் பூரா வாழை நார்தானே மேடம்?" என்றான் மகோக்கா. அவன் குரல் அவனுக்கே கெஞ்சலாகக் கேட்டது. "எந்தக் கட்டிலேருந்தாவது..."

"வலைக்குள்ள இருந்த கட்டு ஒண்ணுகூட அவிழலன்னு நீதானே எழுதியிருக்கே." சியோம்புவா நாரை வெள்ளைத்தாள் மேல் வைத்தார். நடுவில் கைப்பிடிக்கும் வளையத்துக்கும் உள்ள அதே ஒரு சாண் தூரத்தில் இரண்டு வளைவுகள். நுனியில் மூன்று மடிப்புகள். பையிலிருந்து பிரிக்காத கிழங்குப் பொட்டலத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

மகோக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "அந்த அப்பாகிட்ட சொல்லாம இருக்க முடியாதா மேடம்?" என்றான்.

"ஓச்சொலா கையில விலங்கு மாட்டினது யாரு?"

"நான்தான்."

"அதைக் கழட்டும்போது என்ன காரணம்னு எழுதுவே?"

மகோக்கா விலங்குச் சாவியை எடுத்துப் பார்த்தான்.

மறுநாள் காலை கொட்டகையில் எல்லோரும் நின்றார்கள். கம்பெனி மேனேஜர் ஃபோனைப் பார்த்தபடி ஓரமாக நின்றார். ஓச்சொலாவின் விலங்கை மகோக்கா முதலிலேயே கழற்றிவிட்டான். அதைக் கண்டதும் முதெம்பேக்கு முகம் சிவந்தது.

"இவனை ஏன் விடறீங்க?"

"கதவைக் கெடுத்தது இவரில்ல, ஐயா." சியோம்புவா மெதுவாகப் பேசினார். "கதவு கெட்டுப் போகவே இல்ல. ஆறு மணிக்கு இவர் சோதிச்சப்போ திறந்துச்சு. அதுக்கப்புறம்தான் சரக்கு ஏத்தினாங்க. அப்போ ஒருத்தர் கைப்பிடியையும் இந்த வளையத்தையும் சேர்த்து ஈர நாரால ரெண்டு சுத்து கட்டியிருக்கார். கோடு பதிஞ்சிருக்கு. கெட்ட எண்ணத்துல கட்டல. மேலே போகும்போது இது திறந்துடக் கூடாதுன்னு கட்டினார். கடைசியா யாரும் வந்து பார்க்கல. பயணிகளுக்கு இது என்னன்னு யாரும் சொல்லல. எழுத்து பெயின்டுக்கு அடியில கிடந்துச்சு."

முதெம்பே அந்தச் சின்னக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சரக்கு தள்ற திறப்பு" என்றார். "இது வழியா எத்தனை கட்டு தள்ளியிருக்கேன் நான்." பிறகு நசுங்கிய பின்கதவைக் காட்டினார். "கதவு அதுதானேம்மா? நீங்க எல்லாரும் சொன்ன கதவு அதுதானே?"

சியோம்புவா சின்னக் கதவின் கைப்பிடி மேல் கை வைத்தார்.

"இதுவா?" என்றார் அவர். "அவ வெளியே வர வேண்டிய கதவு இதுவா?"

சியோம்புவா வெள்ளைத்தாளைப் பிரித்தார். முதெம்பே நாரைத் தொடவில்லை. தொட வேண்டிய தேவையும் இல்லை. சிமென்ட் தரையில் அப்படியே உட்கார்ந்தார். மகோக்கா தாங்கப் போனான். அவர் கையைத் தட்டிவிட்டார்.

"அவ... அவிழ்த்தாளா?"

"முழுசா அவிழ்த்துட்டா. அதனாலதான் மறுநாள் இது சும்மா திறந்துச்சு. நார் அவ கையிலயே இருந்துச்சு. முடிச்சு விட்டப்போ தண்ணி அவ தலைக்கு மேல போயிடுச்சு. இழுக்க நேரம் கிடைக்கல."

"அப்போ அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார் முதெம்பே. "யாரோட கட்டுன்னு."

நிலையத்தில் பதினாறு வருஷமாகப் பேசியே பிழைத்தவன் மகோக்கா. தலாசோ சொன்னது அவனுக்கு நினைவுக்கு வந்தது. அப்பா, அப்பா. அதை இந்த மனிதரிடம் எந்நாளும் சொல்வதில்லை என்று முடிவு செய்தான். அறிக்கையில் மட்டும் இருக்கட்டும்.

சியோம்புவா அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். "விதி ஏன் எழுத்து கேக்குது தெரியுமா ஐயா? தெரியாதவங்களுக்குச் சொல்றதுக்குத்தான். உங்ககிட்ட யாரும் சொல்லல. எழுத்தை மறைச்சவங்க பேரும், கேட்டும் ஒட்டாதவங்க பேரும், இதைச் சரக்கு வழியாக்கினவங்க பேரும் என் அறிக்கையில வரும்." மேனேஜர் ஃபோனைப் பைக்குள் போட்டார். "நார் கட்டினது அந்த வரிசையில கடைசிதான்."

"கடைசியா வந்தாலும் கை என்னுதுதானேம்மா" என்றார் முதெம்பே.

சியோம்புவா நாரைத் தாளில் மடித்து உறைக்குள் வைத்தார்.

வெயில் ஏறியது. மேனேஜர் போய்விட்டார். மகோக்கா முதெம்பேயின் பக்கத்தில் வந்து நின்றான். "எழுந்திருங்க, கனானு அப்பா. ஜீப்புல கொண்டுபோய் விடறேன்."

"அப்படிக் கூப்பிடாதீங்க." முதெம்பே தன் இரண்டு கட்டைவிரல்களையும் பார்த்தார். நார் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரல்கள். "இனிமே யாரும் என்னை அந்தப் பேர்ல கூப்பிட வேண்டாம். எனக்கு அந்தப் பேர் கிடையாது."

சுவரோரம் நின்றிருந்த ஓச்சொலா அப்போதுதான் நகர்ந்தான். ஏழு நாள் சிறையிருந்தவன். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி ஒரு மணி நேரம் ஆகியும் போகாமல் நின்றவன். விலங்கு உரசித் தோலுரிந்த கையை அவர் அக்குளுக்குள் கொடுத்தான். முதெம்பே தட்டிவிடவில்லை.

"அத்தனை தண்ணிக்குள்ளயும் உங்க கட்டை அவிழ்த்தவ அவ" என்றான். "அந்தப் பேரை நீங்க வேண்டாம்னு சொல்ல முடியாது. வாங்க, கனானு அப்பா. வீட்டுக்குப் போகலாம்."