மூன்று மாடி வீட்டுக்கு ஒரு மதிப்பெண்

அன்பரசியின் வீட்டில் மாடி கிடையாது. ஆனாலும் மத்தியானம் மூன்று மணிக்கு, யாரோ மரப்படியில் ஏறும் சத்தம் கேட்டது. டொக். டொக். லேப்டாப்பின் ஒலியை அவள் காலையிலேயே அணைத்திருந்தாள்.

திரையில் மட்டும் மாடி இருந்தது. நாற்பது வருடத்துக்கு முந்தைய வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் விளையாட்டு அது. குறுக்கே அறுத்து வைத்தது போல் மூன்று மாடி வீடு. உள்ளே கட்டைவிரல் உயரத்தில் ஒரே ஒரு மனிதன். அவனே சமைப்பான், தூங்குவான், நமக்குக் கடிதம் டைப் அடிப்பான். ஒரு பட்டனை அழுத்தி வாசலில் சாப்பாடு வைப்பதுதான் நம் வேலை. அன்றைய விமர்சகர்கள் அதை எப்படி வரவேற்றார்கள் என்று அவள் ஓர் இணைய இதழுக்கு எழுத வேண்டும்.

பழைய பத்திரிகைகளைப் படிக்கும்போதே ஒன்று உறுத்தியது. பாராட்டியவர்கள் ஒருமுறைதான் எழுதியிருந்தார்கள். விளையாட ஒன்றுமில்லை, வெறும் பொம்மை என்று திட்டி, பத்துக்கு இரண்டும் மூன்றும் போட்டவர்கள் நான்கு பேர். நால்வரும் அடுத்த மாதமே பத்துக்குப் பத்து போட்டு மறுபடி எழுதியிருந்தார்கள். வேறு வேறு ஊர், வேறு வேறு பத்திரிகை. கடைசி வரி மட்டும் ஒன்றே: 'வெளியே நன்றாக இருக்கிறது. சாப்பாடு ருசிக்கிறது.'

கம்பெனிக்காரன் பணம் கொடுத்துக் கவனித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பொறுக்காதது விமர்சகர்கள் அல்ல, அந்தப் பொம்மை மனிதன்தான். இண்டூரில் இந்த வீட்டில் ஐந்து பேருக்கு ஒரே கூடம். போன வருடம்தான் பின்பக்கம் ஓர் அறை எழுப்பினார்கள், அவள் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்க. வெள்ளிக்கிழமை அண்ணன் நவநீதனுக்குக் கல்யாணம். அறை இனி அவனுக்கும் வரப்போகிறவளுக்கும். அவள் மேசை கூடத்தில், கேஸ் சிலிண்டர் பக்கத்தில்.

காலையில் அதற்குச் சண்டை போட்டாள். அம்மா தீர்த்தம்மாள் களி கிண்டுவதை நிறுத்தவே இல்லை.

"நீ இன்னொரு வூட்டுக்குப் போறவ. ஒனக்கெதுக்குடி தனி ரூமு?"

இந்தக் கட்டைவிரல் பயலுக்கு மூன்று மாடி. கட்டில், பியானோ, சாத்திக்கொள்ள ஒரு கதவு. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. மூன்று நாளாக அவனுக்கு அவள் சாப்பாடே வைக்கவில்லை. அவன் முகம் பச்சையாகிப் போயிருந்தது. ஆகட்டும். கட்டுரையின் முடிவில் பத்துக்கு ஒன்று என்று போட்டு அனுப்பினாள்.

படியேறும் சத்தம் நின்றது.

பக்கத்து வாசலில் புளி தட்டும் சத்தமும், புதுப் பெயின்டின் நெடியும், ஜன்னல் கம்பியில் காய்ந்த வெயிலின் சூடும் ஏதோ கனத்த துணிக்கு அந்தப் பக்கம் போனது போல் மங்கின. அவன் டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தான். அந்த விளையாட்டுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். எழுத்துகள் தமிழில் விழுந்தன.

'அன்பரசி, பசிக்கிறது. இங்கே மூன்று அறை இருக்கிறது. வேண்டுமா?'

அவள் தன் பெயரை அதில் எங்கேயும் கொடுத்திருக்கவில்லை. லேப்டாப்பை மூடக் கை போனது. அப்போதுதான் அண்ணன் கதவைத் தட்டினான்.

"தொற பாப்பா. கட்டில் வந்துடுச்சு. ஒன் மேசைய எடுத்துரு."

கை திரும்பி வந்தது. 'வேணும்' என்று அடித்தாள்.

டொக்.

பெயின்ட் நெடி இல்லை. எந்த நெடியும் இல்லை. மஞ்சள் சுவர். கட்டில். பியானோ. ஒரு பக்கம் சுவருக்குப் பதில் கண்ணாடி.

கண்ணாடிக்கு அப்பால், வானம் மறைக்கும் அளவுக்கு அவள் முகம். லேசாகப் பச்சை.

அது எழுந்து தாழ்ப்பாளைத் திறந்தது. "கொண்டாண்ணா, நான் கூடத்துல இருந்துக்கறேன்," என்றது, அவள் குரலில். அம்மா களித் தட்டோடு வந்தாள். அது இரண்டு கையாலும் அள்ளி விழுங்கியது.

"இப்பவாச்சும் புத்தி வந்துச்சே," என்று அம்மா அதன் தலையைத் தடவினாள். அன்பரசியின் தலையை அவள் அப்படித் தடவியதே இல்லை.

அன்பரசி கண்ணாடியை அறைந்தாள். சத்தம் வரவில்லை.

அது கையை நக்கிவிட்டு உட்கார்ந்தது. மலை மலையாய் எழுத்துகள், இந்தப் பக்கத்திலிருந்து இடவலம் மாறி. பத்துக்குப் பத்து. வெளியே நன்றாக இருக்கிறது.

பிறகு லேப்டாப்பை மூட அதன் கை மேலே போனது.

மூன்றாவது மாடி இருண்டது. இரண்டாவது இருண்டது. அவளுடைய அறைக் கதவில், உள்பக்கம், புத்தம் புதுத் தாழ்ப்பாள். யாரும் தட்டவில்லை.