இசைவாணியின் இருபத்து மூன்று நிமிடங்கள்

ஃபேக்டரியில் ஒரு அசெம்பிளி லைனுக்கு ஒரே ஒரு பாத்ரூம் பாஸ். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பச்சை அட்டை. அது திரும்பி வந்தால்தான் அடுத்தவர் போகலாம். இசைவாணி அதை மாட்டிக்கொண்டு போய் இருபத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

அவள் இடத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்த ரிலீவர் கோபிநாத், வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாள். அவள் திரும்பி வந்ததும் கேட்டான்.

“இன்னா மேடம், உள்ள தூங்கிட்டீங்களா? பின்னாடி நாலு பேர் நின்னுகினு கீறாங்க.”

லைனே சிரித்தது. அவள் உதட்டில் ரத்தமே இல்லை. கண்கள் மட்டும் பெரிதாக, ஈரமாக... அழகான கண்கள்தான். அந்த நேரத்தில் அதைக் கவனித்ததற்கு அவனுக்கே வெட்கமாக இருந்தது.

“அந்த நாலு பேரையும் என் வயித்துல மிதிக்கச் சொல்லுங்க. எனக்கு வித்தியாசம் தெரியாது.”

அட்டையைக் கழற்றி அவன் மடியில் போட்டாள்.

மாலையில் மழை. கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்து சீட் மட்டும்தான் காலி.

“சாரிங்க... லைன் முன்னாடி அப்படிக் கேட்டுட்டேன்.”

“தனியா கேட்டிருந்தா சரியா?”

ஒரகடம் தாண்டியதும் அவளே சொன்னாள்.

“எண்டோமெட்ரியோசிஸ்.”

“பேரே ஒரு ஷிஃப்ட்டு நீளம் கீதே!”

“கர்ப்பப்பை உள்சுவர்ல இருக்கிற மாதிரி செல்லுங்க வெளியே போய் ஒட்டிக்குது. மாசாமாசம் அங்கேயும் கசியும். வெளியே வர வழி கிடையாது. வீங்கும், தழும்பாகும், வலிக்கும்.”

“வழி தவறி வந்ததை உடம்பு தூக்கிப் போடாதா?”

“போடணும். அந்த வேலை பாக்கிற செல்லுங்க சிலபேருக்குச் சரியா பாக்கறதில்லை. வந்தது புதுசா ரத்தக்குழாய் இழுத்துக்குது, நரம்பு இழுத்துக்குது... குடியேறிடுது. ஏன்னு டாக்டருங்களுக்கே முழுசா தெரியலையாம்.”

“அப்போ உங்க உள்ள கீற க்யூசி செக்கிங் சரியில்ல.”

அவள் சிரித்துவிட்டாள். ஜன்னல் தாண்டித் தெறித்த மழைத்துளி ஒன்று அவள் இமையில் நின்றது. அவன் மண்ணூரில் இறங்க மறந்தான்.

நான்கு மாதம் அந்த சீட்டை யாருக்கும் விடவில்லை. ஐந்தாவது மாதம், அம்மாவோடு பெண் கேட்டு வருவதாகச் சொன்னான்.

இசைவாணியின் வீட்டில் அவள் அம்மா கனகம் குரலைத் தாழ்த்தினாள். “வயித்து வலி மட்டும்தான் அவருக்குத் தெரியும்ல? அதோட நிறுத்திக்கோ. மீதி தாலி ஏறின பிறகு.”

மீதி என்பது ஸ்கேன். இரண்டு சினைப்பையிலும் கட்டி. சொன்னால் அவன் போய்விடலாம். சொல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க அவனிடம் நடிக்க வேண்டும்.

மறுநாள் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் சுற்றி வளைக்கவில்லை.

“குழந்தை பிறக்கிறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார். பிறக்கலாம். பிறக்காமலும் போகலாம். ஆபரேஷன் பண்ணாலும் திரும்ப வரலாம். இதை மறைச்சுட்டு உங்க வூட்டுக்கு வர மாட்டேன்.”

இரண்டு பஸ் வந்து போயின. அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

“இரு வாணி...” அவன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டான். “பயமா கீது. குழந்தைன்னா எனக்கு உயிரு. உண்மையாவே பயமா கீது. ஆனா நீ இல்லாம அந்த பஸ்ல ஏறணும்னு நெனச்சா, அதைவிட பயமா கீது.”

வலி தொடங்கிய பத்து வருடமாக எல்லோரும் அவளிடம் ‘ஒண்ணும் ஆகாது’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள் இவன்.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, கோபி,” என்றாள். “ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. அவங்ககிட்டேயும் நானே சொல்றேன்.”