சுடலைமுத்துவின் செயின்

சுடலைமுத்து கொட்டாஞ்சேனையில் கொன்ஸ்ரன்ஸின் வீட்டுக்கு வந்தபோது முழங்காலில் கட்டு, கையில் ஒரு கடிதம், தோளில் ஒரு சாக்குப்பை. வெள்ளவத்தை மருந்துக் கடையொன்றின் மோட்டார் சைக்கிளில் பன்னிரண்டு வருடமாக வீடுவீடாக மருந்து கொடுப்பவர். முதல்நாள் பம்பலப்பிட்டிச் சந்தியில் செயின் அறுந்து, சில்லு இறுகி, நடுத்தெருவில் விழுந்திருக்கிறார்.

'வண்டியைப் பராமரிக்காமல் விட்டது என் குற்றம். வேலையை விட்டு விலகுகிறேன்' என்றது கடிதம். மூன்று மணிக்குள் ஒப்பமிட வேண்டுமாம். இடம்கூடப் புள்ளி வைத்துக் காட்டியிருந்தார்கள், அவ்வளவு கரிசனம்.

பேர்னாட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். மேல்மாடிக் கொன்ஸ்ரன்ஸின் விசாரணை ஒன்றையும் தவறவிடமாட்டார். "மிஸ், ஒரு வார்த்தை சொல்லுங்க, அந்த மனேஜரை நாலு கேள்வி கேட்டிட்டு வாறன்."

"இருங்க, பேர்னாட்." முப்பது வருடம் விபத்து வாகனங்களை மதிப்பிட்ட கொன்ஸ்ரன்ஸ் சாக்கை அவிழ்த்தார். உள்ளே அறுந்த செயின் துருவேறிச் சிவந்திருந்தது. "நீங்க எண்ணெய் போடுறதில்லையா?"

"ஞாயித்துக்கிழமைன்னா செயினக் கழட்டி மண்ணெண்ணெயில கழுவி எண்ணெ போடாம சோறு திங்கமாட்டேங்க. செயினும் பல்லுச் சக்கரமும் சேத்துப் புதுசா மாத்தி ரெண்டு மாசந்தான். போன வியாழக்கிழமை மாமியா தவறிட்டாங்கன்னு ஊருக்குப் போனேன். வண்டி கடைக்குப் பின்னால பூட்டுக்குள்ள நின்னுச்சு. நேத்து வந்ததும் அவசர மருந்துன்னாங்க. எடுத்ததுமே சத்தம் கேட்டுச்சு, குடுத்துட்டு வந்து பாப்போம்னு விட்டேன்."

கொன்ஸ்ரன்ஸ் கொண்டை ஊசியால் செயின் இடுக்கிலிருந்து எதையோ கிண்டி எடுத்துக் கடதாசியில் மடித்தார். வெட்டிய நகம்போல் ஒன்று. பிளாஸ்டிக் துண்டென்று பேர்னாட் நினைத்தார்.

மூவரும் வெள்ளவத்தைக்குப் போனபோது, மருந்துக் கடையின் பின்கேற்றடியில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நின்றது. சுடலைமுத்து ஓட்டும் அதே வகை. பின்னால் ஐஸ் வைக்கும் வெள்ளை றெஜிபோம் பெட்டி. தலை முதல் கால் வரை அழுக்கான அந்த வண்டியில் செயின் மட்டும் பளபளத்தது. பேர்னாட் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோனார்.

உள்ளே, சுடலைமுத்துவின் வண்டிக்குப் பக்கத்தில் முதலாளி கிருஷ்ணராஜும் மனேஜர் டெரிக்கும் காத்திருந்தார்கள்.

"செயினைப் பாருங்க மேடம்," என்றார் டெரிக். "மாசக்கணக்கா எண்ணெய் காணாதது."

"ஓம், அது உண்மை." கொன்ஸ்ரன்ஸ் அந்தச் செயினைச் சுடலைமுத்துவின் வண்டிப் பல்சக்கரத்தில் சுற்றி இழுத்தார். விரல் நுழையும் இடைவெளி விழுந்தது. "இழுபட்ட செயின் பல்லையும் தின்னும். பல் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்க வேணும். இங்க எல்லாப் பல்லும் புதுசு. அப்ப இது இந்த வண்டிச் செயினே இல்ல."

பிறகு கடதாசியை விரித்தார். "மீன் செதில். மருந்து கொண்டுபோற வண்டியில இது எப்பிடி வந்தது?"

பேர்னாட் அதற்குள் கேற்றடிக்கு ஓடிவிட்டார். "மிஸ், இதின்ர பல்லெல்லாம் வளைஞ்சு கிடக்கு. செயின் மட்டும் புதுசு."

"ஆர்ட வண்டி?"

கிருஷ்ணராஜின் முகம் கறுத்தது. "டெரிக்கின்ர தம்பியின்ர. பேலியகொடைச் சந்தையில இருந்து மீன் கொண்டுவாறவன். கேற்றுச் சாவியும் டெரிக்கிட்ட மட்டும்தான்."

"ஒரு செயின்தானே, சேர்," டெரிக் முணுமுணுத்தார். "இவர் வரமுதல் புதுசு வாங்கிப் போட இருந்தனான்."

"விழுந்த மனுசனுக்கு மேலே கடிதமும் அடிச்சீரே," என்று பேர்னாட் கொதித்தார். "வெக்கமில்லையா உமக்கு?"

"சரி, இது இஞ்சயோட இருக்கட்டும்," என்றார் கிருஷ்ணராஜ். "முத்து, அந்த வண்டியில இருந்து உங்கட செயினைக் கழட்டிப் போடுங்க."

சுடலைமுத்து கேற்றடி வண்டியில் குனிந்து செயினைத் தடவிப் பார்த்தார். "வேணாங்க. வளைஞ்ச பல்லுல ஓடி இதுவும் கெட்டுப்போச்சு. ரெண்டும் சேத்துப் புதுசா வாங்கிக் குடுங்க, நானே பூட்டிக்கிறேன்." பிறகு கடிதத்தை டெரிக்கிடம் நீட்டினார். "பன்னெண்டு வருசம் வண்டியப் பாத்தவன, பாக்காதவன்னு எழுதிட்டீங்க. கால் வலி ஆறிடும், இது ஆறாதுங்க. இத நீங்களே சத்தமா வாசிங்க."

டெரிக் முதலாளியைப் பார்த்தார். முதலாளி அசையவில்லை.

"வண்டியைப் பராமரிக்காமல் விட்டது என் குற்றம்..." குரல் அங்கேயே நின்றது.

"இன்னும் ஒரு வரி இருக்கு, புள்ளி வச்ச இடமும் இருக்கு," என்று கிருஷ்ணராஜ் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து டெரிக்கிடம் நீட்டினார்.