இரண்டு கோடுகளுக்கு நடுவே

அம்மாவின் மேசை முழுக்க மலை விரிந்து கிடந்தது. காகித மலைதான். அம்மா வரைபடம் வரைபவள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்து, ஒவ்வொரு இருபது மீட்டர் உயரத்துக்கும் ஒரு கோடு போட்டிருந்தாள். கோடுகள் நெருங்கி நின்றால் செங்குத்து. தள்ளி நின்றால் மெல்லிய சரிவு. நண்டுக்கு இதெல்லாம் அத்துப்படி.

நண்டு என்பது மகளுக்கு அப்பா வைத்த செல்லப்பெயர். அப்பா காட்டுக்காவலர். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனார்.

"பழைய பாதை மண்ணு சரிஞ்சு மூடிடுச்சும்மா," என்றார் மாட்டுப்பண்ணை மாமா. "நாளைக்குக் காலையில மாடுங்களைக் கீழ இறக்கியாகணும். எந்த வழியா ஓட்டட்டும்?"

அம்மா காட்டின் நடுவே பென்சிலை ஓட்டினாள். "இப்படி ஓட்டுங்கண்ணே. கோடெல்லாம் தள்ளித் தள்ளி இருக்கு. கன்னுக்குட்டிகூட ஓடியே இறங்கிடும்."

நண்டு எட்டிப் பார்த்தாள். "அம்மா, அங்க அப்பா என்னைத் தூக்கிக்குவாரு."

மாமா சிரித்தார். "உன்னை எங்கதான் தூக்கல? உனக்குக் காலு இருக்கிறதே மறந்துபோயிருக்குமே!"

"இல்ல மாமா. மத்த இடத்துல அழுதாக்கூட 'நட நண்டு'ன்னுதான் சொல்லுவாரு. அங்க மட்டும் கேக்காமலே தூக்குவாரு."

அம்மாவின் பென்சில் நின்றது. "அது வானத்துலேர்ந்து எடுத்த படத்தைப் பாத்து வரைஞ்ச இடம். மரத்தடியில நான் நடந்து பாக்கல," என்றாள் மெதுவாக.

அன்று மதியமே மூவரும் கிளம்பினார்கள்.

"தரை மெத்தை மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்தே?" என்று மாமா முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

இரட்டைக் கிளை மரத்தருகே நண்டு அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இங்கதான்."

முன்னால் புதர்தான் தெரிந்தது. மாமா தடியால் விலக்கினார். தடிக்குக் கீழே தரையே இல்லை. இரண்டு ஆள் உயரத்துக்குப் பள்ளம், அடியில் பாறைகள்.

"ஐயோ! என் கன்னுங்க முன்னாடி ஓடுற ஜாதியாச்சே!" மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஒளிஞ்சிருந்திருக்கு," என்றாள் அம்மா.

"அப்பா என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு, மரத்தைச் சுத்தி இப்படித்தான் இறங்குவாரு." நண்டு காட்டிய பக்கம் மாடு இறங்கத் தோதான சரிவு இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்த இடத்தில் பள்ளத்துக்கான பல்வரிசைக் கோட்டை வரைந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "பக்கத்துல இருக்கிற சரிவுக்கு ஒரு பேர் வேணும். நீயே சொல்லு."

நண்டு யோசிக்கவே இல்லை. "அப்பா தோள்."

மறுநாள் காலை நண்டு அடிவாரத்தில் நின்று பார்த்தாள். இரட்டைக் கிளை மரத்தைச் சுற்றிக்கொண்டு, மாடுகளும் கன்றுகளும் ஒவ்வொன்றாக அப்பா தோளிலிருந்து பத்திரமாக இறங்கி வந்தன.