ஹில்டாவின் மூக்கு

ஹில்டாவைக் கீழே இறக்கிய நாளில் எங்கள் டன்வே ஊரில் வியாபாரமே நடக்கவில்லை. முடிதிருத்தும் கடைக்காரர், பாதி வெட்டிய தலையோடு இருந்த ஒருவரையும் இழுத்துக்கொண்டு சதுக்கத்துக்கு வந்துவிட்டார்.

ஹில்டா என்பவள் எங்கள் நீதிமன்றத்தின் உச்சியில் நிற்கும் நீதி தேவதையின் செம்புச் சிலை. சிவப்புக் கல் சுவர், அதன்மேல் நான்கு பக்கமும் கடிகாரம் வைத்த கோபுரம், அதன் நுனியில் கையில் தராசோடு ஹில்டா. அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. சோள வயலில் டிராக்டர் ஓட்டுகிறவர்கள் அவள் தலையைப் பார்த்துத்தான் ஊர் எந்தப் பக்கம் என்று சொல்வார்கள்.

இவ்வளவு கனமான கட்டடம் எங்களுக்கு ஏன் என்று கேட்பீர்கள். முதலில் இருந்தது சின்ன மரக்கட்டடம். நீதிமன்றம் எங்கே இருக்கிறதோ, அதுதான் கவுண்டியின், அதாவது எங்கள் மாவட்டத்தின், தலைநகரம். ஆகவே பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரு நாள் அதை உருளைக் கட்டைகள்மேல் ஏற்றி, மாடுகளைப் பூட்டி, அப்படியே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சண்டை போட்டு மீட்டு வந்த எங்கள் ஆட்கள், இனி எந்த மாட்டாலும் இழுக்க முடியாதபடி கல்லில் கட்டினார்கள்.

மாட்டால் முடியாததைக் காற்று செய்யப் பார்த்தது. சென்ற கோடையில் ஆலங்கட்டியோடு வந்த புயலில் ஹில்டாவின் தராசுக் கை கழன்று தொங்கியது. கிரேன் வந்து அவளை இறக்கியது. பாதை ஓரத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அவற்றின்மேல் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். தலை பாதைப் பக்கம், கால் புல்வெளிப் பக்கம்.

ஊரே தலைமாட்டில் கூடியது. குனிந்து முகத்தைப் பார்த்தது. அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"என்னங்க இது, மூக்கு இப்படி இருக்கு?"

"மூக்கா அது? சுரைக்காய்!"

"கண்ணைப் பாரேன், தவளை மாதிரி. இத்தனை வருஷமா இந்த மூஞ்சியையா அண்ணாந்து பாத்துக்கிட்டிருந்தோம்?"

"சிலை செஞ்சவன் நம்ம தாத்தாக்களை நல்லா ஏமாத்திட்டான்யா."

கவுண்டிக் குழுவின் தலைவர் ரே லிண்ட் சோளம் பயிரிடும் விவசாயி. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இதை ரிப்பேர் பண்ணி மறுபடியும் மேல ஏத்தணுமா? புதுசா ஒரு ஃபைபர் கழுகுச் சிலை வாங்கி வெச்சிடலாம். வியாழக்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணுவோம்."

"அப்போ ஹில்டா?" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது.

பத்து வயது ஜோசி ஹவ்லிசெக். அவளுடைய அம்மா நீதிமன்றத்தில்தான் வேலை பார்க்கிறார். பள்ளி விடுமுறையில் ஜோசியும் ஆறு வயதுத் தம்பி ஓட்டோவும் அங்கே வந்துவிடுவார்கள்.

"பழைய இரும்புக் கடைதான் கண்ணு" என்றார் ரே, கொஞ்சம் வருத்தத்தோடு.

அன்றிலிருந்து ஜோசி தினமும் ஹில்டாவைப் பார்க்கப் போனாள். புதன்கிழமை போனபோது, யாரோ ஹில்டாவின் மூக்கில் சிவப்பு ரப்பர் பந்தை மாட்டியிருந்தார்கள். தலையில் ஒரு விதைக் கம்பெனித் தொப்பி.

ஓட்டோ விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, சர்க்கஸ் கோமாளி!"

"சிரிக்காதடா. உனக்கு உடம்பு முடியாம படுத்திருக்கும்போது யாராவது இப்படிப் பண்ணா சும்மா இருப்பியா?"

ஓட்டோ யோசித்தான். "தொப்பி நல்லாருந்தா இருப்பேன்."

ஜோசி பந்தைப் பிடுங்கினாள். தொப்பியை எடுத்தாள். அதற்குள் காற்று அதைப் பறித்துக்கொண்டு புல்வெளிக்குள் உருட்டியது.

ஜோசி தயங்கினாள். எங்கள் ஊரில் எதை வேண்டுமானாலும் மிதிக்கலாம், நீதிமன்றப் புல்லை மிதிக்கக் கூடாது. குழு போட்ட சட்டம் அது. அதைக் காப்பவர் மிஸஸ் நோவாக். அவர் கவுண்டியின் பதிவு அதிகாரி. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். புல்லில் ஒரு கால் பட்டால் போதும், மோதிரத்தால் கண்ணாடியில் தட்டுவார். நாய்கள்கூட அந்தச் சத்தத்துக்கு ஓடிவிடும்.

ஆனால் தொப்பி யாருடையதோ. ஜோசி ஓடினாள்.

டக்! டக்! டக்!

தொப்பியை எடுத்துக்கொண்டு திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே ஹில்டாவின் பாதங்கள். அவற்றைத் தாண்டி, அங்கியின் மடிப்புகளைத் தாண்டி, ஹில்டாவின் முகம். மூக்கு அளவாக இருந்தது. கண்கள் அமைதியாக இருந்தன. சதுக்கத்தில் நின்று தினமும் பார்த்த அதே முகம்.

"ஓட்டோ! இங்க வா!"

"புல்லு, அக்கா! மோதிரம், அக்கா!"

"வாடா!"

நுனிக்காலில் வந்த ஓட்டோ பார்த்தான். "ஐ! ஹில்டா திரும்பி வந்துட்டா!"

மிஸஸ் நோவாக்கும் வந்துவிட்டார், ஆனால் பாதை வரைக்கும்தான். "ஜோசி! வெளிய வா முதல்ல!"

"மிஸஸ் நோவாக், நீங்க ஒரே ஒரு தடவை இங்க வந்து நின்னு பாருங்களேன்."

"நானா? புல்லுலயா?" அவர் முகம் சிவந்துவிட்டது. "நல்லா கேட்டே போ!"

வியாழக்கிழமை மாலைக் கூட்டம் மாடியில், பெரிய நீதிமன்ற அறையில் நடந்தது. ரே கழுகின் படத்தைச் சுவரில் மாட்டினார். பிறகு வழக்கம்போல, "பொதுமக்கள்ல யாராவது பேசணுமா?" என்று கேட்டார்.

ஜோசி எழுந்தாள்.

"ஹில்டா அசிங்கமா இல்ல. நாமதான் தப்பான பக்கத்துலேர்ந்து பாக்கறோம். அவளைக் கால் பக்கத்துலேர்ந்து பாக்கணும். கீழ நின்னு நாம அப்படித்தானே பாப்போம்?"

"மூக்கு மூக்குதானேம்மா?" என்றார் ஒருவர்.

"கடிகார முள்ளு சதுக்கத்துலேர்ந்து பாத்தா பென்சில் மாதிரி இருக்கு. போன வருஷம் இறக்கினப்போ எங்க அப்பாவைவிட உசரம். மேல இருக்கறது எல்லாம் பெருசாத்தான் செய்யணும். இல்லன்னா கீழ தெரியாது."

அவளுடைய அம்மா, ஹில்டாவின் கால் பக்கத்திலிருந்து கைபேசியில் எடுத்திருந்த படத்தை நீட்டினார். ரே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "போட்டோல என் மூஞ்சியைக்கூட அழகா காட்டிடலாம், திரேசா. நேர்ல பாத்தாதான் நம்புவேன்."

"அப்போ வாங்க!" என்றாள் ஜோசி.

"எங்கே?"

"புல்லுக்கு."

எல்லோரும் மிஸஸ் நோவாக்கைப் பார்த்தார்கள்.

"சட்டம் இருக்கே" என்றார் ரே, மெதுவாக.

"சட்டம் போட்டது நீங்கதானே?" என்றாள் ஜோசி. "இன்னிக்கு ஒரு சாயங்காலம் மட்டும் வேணாம்னு நீங்களே சொல்லலாம்ல?"

குழுவினர் மூவரும் தலையைச் சேர்த்துவைத்துக் கிசுகிசுத்தார்கள். ரே தொண்டையைச் செருமினார். "இன்று மாலை மட்டும் நீதிமன்றப் புல்வெளியில் நடக்கலாம் என்பது தீர்மானம். ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

மூன்று கைகளும் உயர்ந்தன. மிஸஸ் நோவாக் ஒரு பெருமூச்சு விட்டு அதைப் பதிவு செய்தார்.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. பாதை ஓரம் வந்ததும் கூட்டம் தானாக நின்றுவிட்டது. யாரும் முதல் காலை வைக்கவில்லை. ரே குனிந்து பூட்ஸைக் கழற்றினார். காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை. யாரும் சிரிக்கவில்லை. அவர் புல்லில் இறங்கி, பாதங்களைத் தாண்டிப் போய் நின்று, திரும்பினார்.

தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

ஒவ்வொருவராக வந்து அவர் பக்கத்தில் நின்றார்கள். கடைசியாக மிஸஸ் நோவாக், கையில் செருப்போடு.

"அட, நம்ம ஹில்டா!" என்றார் அவர்.

"செஞ்சவன் ஏமாத்தலைங்க" என்றார் ரே. "நாம எங்க நின்னு பாக்கப் போறோம்னு யோசிச்சுச் செஞ்சிருக்கான்."

கழுகுக்கு ஒரு வாக்குகூட விழவில்லை.

இலையுதிர் காலத்தில் கை சரியாகி, செம்பு பளபளக்க, ஹில்டா மறுபடியும் கிரேனில் ஏறினாள். ஊரே அண்ணாந்து நின்றது. மரங்களின் உயரம் தாண்டியபோது மூக்கு சிறுத்தது. கடிகாரத்தைத் தாண்டியபோது கண்கள் அமைதியாயின.

"போதும், போதும்! நிறுத்துங்க! இப்போ அவ அழகா ஆயிட்டா!" என்று ஓட்டோ கத்தினான்.

கிரேன்காரர் நிறுத்தவில்லை. ஹில்டா இன்னும் கொஞ்சம் மேலே போனாள், இன்னும் கொஞ்சம் அழகானாள்.