செத்த இடத்துக்குப் பக்கத்து இடம்

“அண்ணி, நான் சொல்றதக் கொஞ்சம் காது குடுத்து—”

“குடுத்தாச்சு. டம்ளர் நழுவுது, வாயில வார்த்தை வரல. இதுக்குப் பேரு வியாதி இல்லம்மா, வேலைக்கள்ளத்தனம்.”

“அண்ணன் பக்கத்துல உட்கார்ந்து பயிற்சி குடுத்துட்டு எழுந்தாத்தான் இப்படி. வலது கை அப்படியே மரத்துப்போய்—”

“பக்கவாதம் என்ன சளியா, பக்கத்துல உட்கார்ந்தா ஒட்டிக்கிறதுக்கு?”

“அப்ப இன்னிக்கு நீங்களே உட்காருங்க.”

நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள். கதவு அறைந்த வேகத்தில் சுவர்க் கடிகாரம் ஓர் ஆட்டம் ஆடி நின்றது.

போகட்டும். மூளையை அறுத்துப் பார்த்துப் பேர் வாங்கிய டாக்டருக்கு, அடுப்படிப் புத்தி பாடம் நடத்துகிறதாம்.

மேசையில் கண்ணாடியைக் குறுக்கே நிறுத்தினாள். கணவரின் விளங்காத வலது கையைப் பொட்டலம் மாதிரி தூக்கி அதன் பின்னால் போட்டாள். நல்ல இடது கை முன்னால். அதை அசைத்தபடி கண்ணாடியைப் பார்த்தால் வலது கை அசைவது போலவே தெரியும், மூளை ஏமாந்துபோகும். மூளையில் செத்த இடத்தின் வேலையைப் பக்கத்தில் இருக்கும் இடம் எடுத்துக்கொள்ளும். அவளுடைய ஆராய்ச்சியே அதுதான். இதைச் சொன்னபோது டாக்டர்கள் கூட்டத்தில் சிரித்தார்கள், அரைவேக்காடுகள். இவருடைய ஒரு விரல் அசைந்தால் போதும், அத்தனை வாயும் அடைபடும்.

அவர் வாயோரம் எச்சில் வழிந்தது. ஊரையே பேசி மடக்கிய வாய். கைக்குட்டையால் மேசை துடைப்பது போலத் துடைத்துவிட்டாள்.

“மூடுங்க. திறங்க. மனசு வெச்சா அசையும். சோம்பேறிக்குத்தான் கை வராது.”

எல்லா நோயாளிகளிடமும் சொல்வதுதான். அவர் கண்கள் மட்டும் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணாடிக்குத் திரும்பின. ஜன்னலில் அந்தி மங்கிக்கொண்டு வர, தைலமும் மருந்தும் கலந்த நெடி அறையில் தேங்கி நிற்க, உள்ளே குளிர்பெட்டி உறுமி உறுமி ஓய்வதும், எங்கோ குழாய் சொட்டுவதும், அந்த உள்ளங்கை மூடித் திறக்கும்போது எழுகிற ஈரமான சின்னச் சத்தமும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொண்டன.

“போதும். நிறுத்துங்க.”

இடது கை நின்றது.

கண்ணாடியில் இருந்த கை நிற்கவில்லை.

மூடியது. திறந்தது. அவள் எட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே வலது கை எப்போதும் போல் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் துடித்தது.

வேறொருத்தியாக இருந்தால் எழுந்து ஓடியிருப்பாள். இவள் நாற்காலியை அவர் பக்கத்தில் இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டாள். சிரித்தவர்களின் முகங்கள் வரிசையாக வந்துபோயின.

“இன்னொரு தடவை. ம்.”

சுட்டுவிரல். நடுவிரல். படம் எடுக்க வேண்டும். போன் மேசையில்தான் இருந்தது, எட்டும் தூரத்தில். எடுக்கக் கையை நீட்டினாள்.

கை நீளவில்லை.

மடியில் கிடந்தது. அவளுடைய வலது கை. யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் போல. தூக்கு என்றாள் மனதுக்குள். தூக்கு. அது கேட்கவில்லை.

நாத்தனாரின் டம்ளர் நினைவுக்கு வந்தது.

நிறுத்துங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். “நி… நி…” அதற்குமேல் சொல்லே இல்லை. நாக்கு கனத்தது. உதட்டோரம் ஏதோ சூடாக இறங்கியது.

எச்சில்.

குளிர்பெட்டி ஓய்ந்தது. குழாயும்.

கண்ணாடியின் மேல்விளிம்பில் ஒரு விரல். இன்னொன்று. பிறகு முழுக் கையும். மாதக்கணக்கில் ஈரத்துணி போலக் கிடந்த வலது கை. அது கண்ணாடியைத் தாண்டி வந்தது. கைக்குட்டையை எடுத்தது. அவள் வாயைத் துடைத்தது, மேசை துடைப்பது போல. பிறகு அவள் மடியிலிருந்த கையைப் பொட்டலம் மாதிரி தூக்கிக் கண்ணாடிக்குப் பின்னால் போட்டது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். குரல் தெளிவாக இருந்தது.

“மனசு வெச்சா அசையும். சோம்பேறிக்குத்தான் கை வராது. இல்லியா?”