மூன்று பேர் உறுதி செய்தால் போதும்

திரையில் பொத்தான் இருந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது.

மதியம் இரண்டே கால். குளிர்சாதனப் பெட்டியின் உறுமலும் மடிக்கணினியின் சின்ன விசிறி இரைவதும் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை. டீயில் ஆடை படிந்துவிட்டது. அவள் அந்த வெள்ளையின் மேலேயே மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தாள். பதினொரு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திய பொத்தான் அது. புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவள் தொழில். மிச்சமிருந்த நேரத்தையெல்லாம் இந்த வம்சாவளித் தளம்தான் தின்றது. தன் வீட்டிலும் கணவர் வீட்டிலுமாக நானூற்றுச் சொச்சம் பேரைத் தேடிப்பிடித்து ஏற்றியிருந்தாள்.

தளத்தில் இறந்தவர்களின் பக்கம்தான் சொந்தக்காரர்களுக்குத் திறக்கும். உயிரோடிருப்பவர் பக்கத்தை ஏற்றியவர் மட்டும்தான் பார்க்கலாம். ஆகவே இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் எல்லாருமே ஒரு சின்னத் திருட்டுத்தனம் செய்வார்கள்: ஆளை ஐந்து நிமிடத்துக்கு 'இறந்தவர்' என்று குறித்து, சொந்தக்காரர்கள் படங்களை எடுத்துக்கொண்டதும் 'உயிருடன்' என்று திருப்பிவிடுவார்கள். அவளே பத்துத் தடவையாவது செய்திருப்பாள். இன்று தங்கள் கல்யாணப் படங்களை அக்கா கேட்டாள் என்று கணவரின் பக்கத்தை மாற்றிவிட்டு டீ போடப் போனாள். திரும்பி வருவதற்குள் தளம் புது வேஷம் கட்டியிருந்தது.

'உங்களுக்காகவே புதுப்பித்திருக்கிறோம்!' என்றது மேலே ஒரு வரி.

நான் கேட்டேனா உன்னை?

கணவரின் படம் கறுப்பு வெள்ளையாகியிருந்தது. போன மாதம் அவளே எடுத்தது. அவருடைய நீலச் சட்டை சாம்பல் நிறத்தில் தெரிந்தது. கீழே, 'உறுதி செய்தவர்கள்: 1/3.' திருப்பும் பொத்தானை மட்டும் எங்குமே காணோம்.

உதவிப் பெட்டியைத் திறந்து தட்டினாள்: 'இவர் உயிரோடு இருக்கிறார். மாற்றுங்கள்.'

'உங்கள் வருத்தம் புரிகிறது' என்று உடனே பதில் வந்தது. 'உயிருடன் இருப்பதற்கான ஆதாரத்தை இணைக்கவும்.'

அடப்பாவிகளா! சாகடிக்க ஒரு ஆதாரமும் வேண்டாம், உயிரோடு இருக்க ஆதாரம் வேண்டுமா? அவருடைய அடையாள அட்டையை ஏற்றினாள். ஏற்கவில்லை. போன வாரத்து மருந்துச் சீட்டை ஏற்றினாள். 'இது இறப்புக்கு முந்தைய ஆவணம்.' எதற்கு முந்தைய? மடிக்கணினி சூடாகி பிளாஸ்டிக் வாடை அடித்தது. பக்கத்தை மறுபடி திறந்தாள்.

2/3.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"ஆமாடி, ஏதோ கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஆமான்னு அழுத்தினாத்தான் போட்டோ திறப்பேன்னுச்சு. அழுத்திட்டேன்."

"என்ன கேட்டுச்சுன்னு படிச்சியாக்கா?"

"யாருடி அதெல்லாம் படிக்கிறா? நீதானே முதல்ல செத்துட்டார்னு போட்டே!"

அவள் போனை வைத்துவிட்டாள். அழுகை வந்தது. இந்தத் தளத்தைக் கூடப்பிறந்ததைப் போல நம்பியிருந்தாள். கூடப்பிறந்தவளும் சேர்ந்து கழுத்தை அறுத்துவிட்டாள். ஆனால் முதல் கத்தி யாருடையது?

திரையில் அவர் பக்கத்துக் கட்டங்கள் தாமாக நிரம்ப ஆரம்பித்திருந்தன. இறந்த நாள்: இன்றைய தேதி. பதிவு எண். தகவல் தந்தவர்: மனைவி. அதற்கு எதிரே அவள் கையெழுத்து, கடைசிச் சுழிப்பு வரைக்கும் அப்படியே. அந்தத் தளத்தில் அவள் எங்கேயும் கையெழுத்துப் போட்டதில்லை.

இடம்: வீடு.

வீடா?

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தேழு வருடமாக அவள் பயந்ததெல்லாம் அந்த லிஃப்ட் குழிகளைப் பார்த்துத்தான். வீட்டுக்கு வந்துவிட்டால் நிம்மதி. இன்று வரக் கூடாது. வரவே கூடாது. போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டாள். 'வீட்டுக்கு வராதீங்க' என்று ஏழு செய்தி அனுப்பினாள். எதுவும் போய்ச் சேரவில்லை. மணி நாலானது, ஐந்தானது. படிக்கட்டில் ஒவ்வொரு காலடிக்கும் எழுந்து கதவருகே போனாள்.

ஐந்தரைக்குச் சாவி திரும்பியது. கிரீஸ் வாடையோடு அவர் நின்றார். முழுசாக.

"உள்ள வராதீங்க. வெளியே போயிடலாம். இப்பவே."

"என்னம்மா, வீட்ல பாம்பு கீம்பு வந்துடுச்சா?"

"சொன்னா கேளுங்க!"

"கையப் பாரு, ஒரே கிரீஸு. கழுவிட்டு வரேன், எங்க கூப்பிட்டாலும் வரேன்." அவள் தடுத்த கையை முழங்கையால் செல்லமாக ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். குழாய் திறக்கும் சத்தம். அங்கிருந்தே குரல் கொடுத்தார். "உன் வம்சாவளி மரத்துலேருந்து எனக்கும் ஒரு செய்தி வந்துச்சு. இன்னிக்குப் போன்ல வந்தது அது ஒண்ணுதான். வண்டிய நிறுத்தும்போது பாத்தேன். இவர் இறந்துட்டாரான்னு கேட்டுச்சு."

அவள் மடிக்கணினி பக்கம் திரும்பினாள்.

"யாருன்னுகூடப் பாக்கல. உன் மரத்துல இருக்கறவங்க பாதிப் பேர் செத்தவங்கதானே!" சிரித்தார். "ஆமான்னு போட்டுட்டேன்."

திரையைப் பார்த்தாள். 3/3. கீழே புதுக் கட்டம். நேரம்: 5:34.

மூலையில் கடிகாரம். 5:34.

"ஏங்க."

தண்ணீர்.

"ஏங்க!"

தண்ணீர் மட்டும்.

ஓடினாள். குளியலறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவர் கை கழுவும் தொட்டி முன்னால் முதுகைக் காட்டி நின்றிருந்தார். இரண்டு கைகளும் குழாய்க்குக் கீழே. கிரீஸ் முழுக்கப் போய்விட்டிருந்தது. தண்ணீர் விரல்கள் மேல் விழுந்துகொண்டே இருந்தது. விரல்கள் அசையவில்லை.

குழாயை மூடினாள். ஒரு மூச்சுதான் கேட்டது. அது அவளுடையது.

பின்னாலிருந்து அவரைக் கட்டிப்பிடித்தாள். பாரம் மெல்ல அவள் மேல் சாய்ந்தது. விட்டால் விழுந்துவிடுவார். விழுந்துவிட்டால் திரையில் எழுதியிருப்பது சரியாகிவிடும். விடமாட்டேன். காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள். கூடத்தில் அவள் போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. தோள் எரிந்தது, முழங்கால் நடுங்கியது. ஜன்னலில் வெளிச்சம் போன பிறகும் இரண்டு பேரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.